மார்லினின் மேசையும் அப்பாவின் ரிவால்வரும்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. வருகிற கார்த்திகையோடு அப்பா இறந்து ஒரு வருடம். சேவுகம்பட்டி வீட்டில் அம்மாவும் தம்பி குமாரும் இருக்கிறார்கள். நான் கணவர், மகளோடு ஒஹாயோவில் இருக்கிறேன்.

2. அப்பாவிடம் லைசென்ஸ் உள்ள ரிவால்வர் ஒன்று இருந்தது. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். தம்பி கொண்டுபோய் ஒப்படைத்தான்.

3. இப்போது அதைத் தன் பெயருக்கு மாற்றிக் கேட்டிருக்கிறான். மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அம்மா தந்துவிட்டார். என்னுடையது பாக்கி.

4. ஆயுத பூஜை இந்த முறை சனிக்கிழமை வந்தது. அதே நாளில் இங்கே எங்கள் ஊரில் பழைய ரிவால்வர் சேகரிப்பவர்கள் கூடும் கண்காட்சி. பக்கத்து வீட்டு மார்லினுக்கு மேசை அமைத்துக் கொடுக்கப் போனேன்.

5. அந்த மேசையில் அப்பாவுடையதைப் போலவே ஒன்று இருந்தது. அம்மா அதை வீடியோவில் பார்த்துவிட்டார்.

6. என் மகள் அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தாள்.

எண் போட்டு எழுதினால் எதுவும் அடங்கிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பிழைப்பும் அப்படித்தான். இங்கே ஒரு தொழிற்சாலையின் அளவைக் கூடத்தில், உதிரிப் பாகங்கள் சொன்ன அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன். இந்த விஷயம் மட்டும் ஆறோடு முடியவில்லை.

*

மார்லினுக்கு எழுபது வயது நெருங்குகிறது. ரிவால்வர்கள் அவருடைய கணவர் ராய் சேர்த்தவை. நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், கேட்காமலேயே எங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவர் ராய். அவர் இறந்த பிறகு மார்லின் தனியாகக் கண்காட்சிக்குப் போவது இதுதான் முதல் முறை. ரிவால்வர்களை நிறுத்தி வைக்கும் பழைய மரத் தாங்கிகள் ஆடுகின்றன, புதிதாகச் செய்து தர முடியுமா என்று கேட்டார். மறுக்க எனக்குக் காரணம் இருந்தது. அதை அவரிடம் சொல்லும் அளவுக்கு என் ஆங்கிலமும் போதாது, மனமும் போதாது. சரி என்றேன்.

அவர் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளவெடுத்தேன். பருத்தி உறை மாட்டிய கையால் மார்லின் எடுத்துத் தருவார். தோட்டா இல்லை என்று திறந்து காட்டிவிட்டுத்தான் தருவார். மூன்றாவதாக எடுத்தது சிறியது. இங்கிலாந்தில் செய்தது, நடுவில் மடங்கித் திறப்பது, பிடியில் கருப்பு ரப்பர். திறந்து காட்டிவிட்டு மூடினார். தோட்டா உருளையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். டிக், டிக், டிக் என்று அது ஓடி நின்றது.

கையில் இருந்த அளவுகோலைக் கீழே வைத்தேன்.

"நல்ல சத்தம், இல்லையா?" என்றார் மார்லின். "ராய் இங்கே உட்கார்ந்து துடைப்பார். மேலே சமையல் செய்துகொண்டே கேட்பேன். அந்தச் சத்தம் கேட்டால் அவர் நிம்மதியாக இருக்கிறார், வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். 

தாங்கிகளை நிறம் இல்லாத அக்ரிலிக்கில் வெட்டினேன். எல்லாக் குழல்களும் சுவரைப் பார்க்கும்படி வடிவமைத்திருந்தேன். ராய் எப்போதும் பக்கவாட்டில்தான் வைப்பார், படத்துக்கு அழகு என்றார் மார்லின். பார்வையாளர்களுக்குப் பிடியின் வேலைப்பாடு தெரிய வேண்டுமே என்று சொல்லிச் சமாளித்தேன்.

*

அப்பாவின் ரிவால்வர் தாத்தா காலத்தில் வந்தது. சிறுமலை எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடம் வாங்கியது என்பார்கள். எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் பூக்காடும் உண்டு. பங்காளித் தகராறு எதுவும் இல்லை. ரிவால்வருக்கு வேலையே கிடையாது. அப்பா அதால் ஒரு முறைகூடச் சுட்டதில்லை. யாரைப் பார்த்தும் நீட்டியதில்லை. வீட்டில் சத்தம் போட்டுப் பேசியவரும் இல்லை. இதை வெளியில் யாரிடம் சொன்னாலும், அப்புறம் என்ன என்றுதான் கேட்பார்கள்.

அப்புறம் இதுதான். அம்மாவுக்கும் அவருக்கும் ஏதாவது பேச்சு வரும். பாலசமுத்திரத்தில் மாமா வீட்டு விசேஷத்துக்கு முதல்நாளே போகலாமா என்பது போன்ற பேச்சு. அம்மா இரண்டாவது முறை சொன்னால் அப்பா பதில் சொல்ல மாட்டார். பீரோவைத் திறப்பார். பழைய வேட்டித் துணியைச் சாப்பாட்டு மேசையில் விரிப்பார். என்னைப் பார்த்து, "அப்பு, மெஷின் எண்ணெயை எடு" என்பார்.

அம்மாவின் தையல் மெஷின் இழுப்பறையில் நீண்ட மூக்கு வைத்த சின்ன எண்ணெய்க் குப்பி இருக்கும். அதை எடுத்துக் கொடுப்பேன். அவர் தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணி ஓரத்தில் நிற்க வைப்பார். எண்ணெய் விடுவார், துடைப்பார், உருளையைச் சுற்றிக் காதோடு வைத்துக் கேட்பார். வேலை முடியும்வரை வீட்டில் யாரும் பேச மாட்டோம். பாத்திரச் சத்தம்கூட வராது. மேசையில் அது எப்போதும் சமையலறைப் பக்கம் பார்த்துத்தான் கிடக்கும். வேண்டுமென்று வைத்தாரா, மேசை அப்படிக் கிடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

துடைத்து முடித்தால் பேச்சும் முடிந்தது. மாமா வீட்டுக்கு மறுநாள் காலையில்தான் போவோம்.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்பத் தருவார்கள். எங்கள் வீட்டில் அம்மா தேர்தலை விரும்பியது எந்தக் கட்சிக்காகவும் இல்லை. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஏறிய மறுநிமிடம் அம்மா மெஷின் மூடியைக் கழற்றுவார். அந்த வாரங்களில் சாயங்காலம் எல்லாம் மெஷின் ஓடும். அம்மா மூன்றாவது முறைகூட ஒரு விஷயத்தைச் சொல்வார். அப்பா பதில் சொல்ல வழியில்லாமல் தோப்புக்குப் போய்விடுவார். ஒருமுறை அடுத்தடுத்துச் சட்டசபைத் தேர்தலும் உள்ளாட்சித் தேர்தலும் வரப்போகின்றன என்று பேப்பரில் போட்டிருந்தது. அன்று அம்மா கேசரி கிண்டினார். அப்பா எதற்கு என்று கேட்டார். "சும்மாதான், ரவை கிடந்துச்சு" என்றார் அம்மா.

ரிவால்வர் வீட்டில் இருந்த நாளில் அம்மா பேச்சை நிறுத்தாதது எனக்குத் தெரிந்து ஒரே முறை. கோயம்புத்தூரில் பொறியியல் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் இருக்க வேண்டும். திண்டுக்கல்லில் இல்லாத காலேஜா என்றார் அப்பா. அவ படிக்கட்டும் என்றார் அம்மா. பீரோ திறந்தது, துணி விரிந்தது, குப்பியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ படிக்கட்டும். ஹாஸ்டல்ல இருந்து படிக்கட்டும். நான் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்." உருளை சுற்றிக்கொண்டிருந்தது, அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா எல்லாவற்றையும் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அதற்குப் பிறகு அம்மா மெஷினில் உட்கார்ந்தார். ஊசியில் நூல் ஏறவே இல்லை. நான் கோத்துக் கொடுத்தேன்.

நான் ஒஹாயோவுக்கு வந்து சேர்ந்த பாதை அந்தக் கதவு நிலையில்தான் தொடங்குகிறது.

*

ஆட்சேபனை இல்லை என்று எழுதுவது சுலபம். வெளிநாட்டில் இருந்துகொண்டு எழுதுவதுதான் கஷ்டம். ஒரு நோட்டரி கண்முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு கான்சுலேட்டில் சான்று வாங்க வேண்டும், பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று, போக வர தபால்தலை ஒட்டிய உறை. வங்கியில் நோட்டரியிடம் நேரம் வாங்கியிருந்தேன். திங்கட்கிழமை காலை.

போடுவதாகத்தான் இருந்தேன். தம்பி நல்லவன். அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வைப்பவன், தோப்பை ஒற்றை ஆளாகப் பார்ப்பவன். அப்பா துப்பாக்கியைத் துடைத்த நாட்களில் அவன் சின்னப் பையன். மேசைச் சத்தம் கேட்டால் அம்மா அவனைக் கொல்லைக்கு அனுப்பிவிடுவார். அவன் நினைவில் இருப்பது ஆயுத பூஜை மட்டும்தான். அன்று சாமி படத்துக்கு முன்னால் அரிவாள், மண்வெட்டி, மெஷின், எங்கள் புத்தகங்கள் நடுவில் ரிவால்வர் இருக்கும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் பொரிகடலை வாங்கிப் போகும். மற்ற நாட்கள் என் நினைவில் மட்டும் இருக்கின்றன என்று நினைத்திருந்தேன். அம்மாவே கையெழுத்துப் போட்ட பிறகு அதைக் கிளற நான் யார் என்று தோன்றியது.

*

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் வீட்டிலும் பூஜை வைத்தேன். பிறந்த வீட்டில் இந்த வருடம் பண்டிகை இல்லை. கணவர் வீட்டு வழக்கப்படி நாங்கள் கும்பிடலாம். கம்ப்யூட்டர், கார் சாவி, என் அளவுகோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் வேலையை மகள் யாழினி செய்தாள். ஆறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பொட்டு வைப்பதற்கு மொழி தேவையில்லை என்பதால் அது அவளுக்குப் பிடித்துப்போனது. குங்குமச் சிமிழை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்க்கவில்லை.

கணவருக்கு வேலை நாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில், இன்றைக்கு அங்கே இருப்பதெல்லாம் துப்பாக்கி, தொடக்கூடாது என்று சொல்லி வைத்தேன். அவளுக்குத் துப்பாக்கி என்றால், யாராவது அதோடு உள்ளே புகுந்துவிட்டால் எப்படி ஒளிவது என்று பள்ளிக்கூடத்தில் நடத்தும் ஒத்திகைதான். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் அலமாரிப் பக்கம் ஒண்டிக்கொள்ள வேண்டும், யாரும் மூச்சுவிடும் சத்தம்கூட வரக்கூடாது. அவள் வகுப்பிலேயே நன்றாகச் சத்தம் போடாமல் இருப்பவள் அவள்தான் என்று டீச்சர் பாராட்டியதாக ஒருநாள் வந்து சொன்னாள். அன்று நான் அவளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். உப்புப் போட்டேனா இல்லையா என்பதே மறந்துபோனது.

கண்காட்சி ஒரு சமூகக் கூடத்தில். வாசலில் ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்து பார்த்து, சுட முடியாதபடி பிளாஸ்டிக் பட்டையால் கட்டி அனுப்புகிறார்கள். நீள நீளமான மேசைகள். தாடி வைத்த பெரியவர்கள், காபி, வறுத்த கடலை வாசனை, அதற்கெல்லாம் அடியில் எண்ணெய் வாசனை. மார்லின் பச்சை வெல்வெட்டை விரித்தார். தாங்கிகளை வைத்தேன். தந்தப் பிடி போட்ட பெரிய ரிவால்வர் நடுவில், மற்றவை இரண்டு பக்கமும். மேசை வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று மார்லின் இரண்டு தொட்டி மஞ்சள் செவ்வந்தி கொண்டுவந்திருந்தார். இங்கே இந்த மாதத்தில் எல்லார் வாசலிலும் அதுதான் பூக்கிறது.

அந்த நேரத்தில் அம்மா வீடியோவில் கூப்பிட்டார். அங்கே விளக்கு வைக்கும் நேரம். செவ்வந்தியைக் காட்டலாம் என்று போனைத் திருப்பினேன்.

"பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏன்டி, அது என்னது அங்கிட்டு? மூணாவதா?"

"பக்கத்து வீட்டம்மாவோடதும்மா. பழசு. சுட முடியாது, கட்டிப் போட்டிருக்கு."

 அம்மா திரையில் இருந்து எழுந்து போய்விட்டார். வெற்று நாற்காலியும் மூடி போட்ட தையல் மெஷினும் மட்டும் தெரிந்தன. யாழினியை மார்லினிடம் விட்டுவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்க் காத்திருந்தேன். அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"குமாரு வீட்ல இருக்கானா?" என்றேன்.

"வத்தலக்குண்டுக்குப் போயிருக்கான். நீ கையெழுத்துப் போட்டுட்டியா?"

"திங்கக்கிழமைம்மா."

"போடாத."

"நீயே போட்டுட்டியேம்மா!"

"அவன் பேனாவை நீட்டுனான், போட்டேன். மாட்டேன்னு சொல்லி எனக்குப் பழக்கமா இருக்கு?"

"அவன் அப்பா மாதிரி இல்லம்மா."

"இல்லதான். உங்கப்பாவும் கல்யாணத்துக்கு முந்தி அப்பிடி இல்லைன்னுதான் எங்க அத்தை சொல்லுவாக." அம்மா போனைக் கிட்டத்தில் இழுத்தார். "தையில அவனுக்குக் கல்யாணம் முடிஞ்சு ஒரு புள்ள இந்த வீட்டுக்கு வருது. எங்கிட்ட போன்ல பேசுறப்ப என்னமாச் சிரிக்குது தெரியுமா? வந்து எதாவது ரெண்டு வார்த்த கூடப் பேசும். பேசுற வயசு. அது பேசட்டும்."

"இத நேரா அவன்ட்டயே சொல்லேம்மா."

"நான் இங்கன இருக்கணும்ல? அவன் மூஞ்சியத்தான தினமும் பாக்கணும்? நீ அங்கிட்டு இருக்க. உம்மேல கோவிச்சா என்ன பண்ணிருவான்? போன் பேச மாட்டான். அம்புட்டுத்தான."

இத்தனை வருடமாக ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில் இருப்பதை ஒரு குறையாகவே அம்மா சொல்லி வந்திருக்கிறார். காய்ச்சல் என்றால் வர முடியாது, அப்பா சாவுக்கு முகம் பார்க்க முடியவில்லை. அந்தத் தூரத்தால் ஆகக்கூடிய ஒரு காரியத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தேன். மேசையருகே மார்லின் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். யாழினி சிமிழோடு நின்றிருந்தாள். துணி விரித்திருக்கிறது, சாமான்கள் வரிசையாக இருக்கின்றன, செவ்வந்தி இருக்கிறது, பொட்டுதான் இல்லை. அவள் விட்டுப்போன வேலையை முடித்திருந்தாள். தந்தப் பிடியில் ஒன்று. மூன்றாவது தாங்கியில் இருந்ததன் நெற்றி மாதிரி இருந்த இடத்தில் ஒன்று.

"அம்மாச்சி, பொட்டு!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். அன்று அவள் பேசிய ஒரே தமிழ்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த ரிவால்வருக்குப் பொட்டு வைக்கிற கை அம்மாவுடையது. பொம்பளை வைத்தால்தான் லட்சணம் என்பார் அப்பா.

"அந்தப் புள்ள கைய மொதல்ல கழுவி விடுடி" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்துவிட்டார்.

ஈரம் படாமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். இரும்பில் இருந்தது சுத்தமாக வந்துவிட்டது. தந்தத்தின் மெல்லிய கீறல்களில் மட்டும் சிவப்பு இறங்கி நின்றுவிட்டது. மார்லினிடம் மன்னிப்புக் கேட்டேன். வருடத்தில் ஒருநாள் எங்கள் கருவிகளுக்கு ஓய்வு கொடுத்து நன்றி சொல்வோம் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிடியைக் கிட்டத்தில் பார்த்தார். ராய்க்கு இது பிடித்திருக்கும், இருக்கட்டும் என்றார். பிறகு, "உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்ததா?" என்று கேட்டார்.

"இருந்தது. மூன்றாவது மாதிரியே."

"உன் அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் உன் அப்பா ஞாபகம் வந்திருக்கும், பாவம்."

ஆமாம் என்றேன். அது உண்மைதான்.

யாழினியைக் கூட்டிப்போய்க் கையைக் கழுவிவிட்டேன். சோப்பு இரண்டு முறை போட்டும் விரல் நுனியில் கொஞ்சம் சிவப்பு இருந்தது.

*

மறுநாள் தம்பியே கூப்பிட்டான். நான் எடுத்த கண்காட்சிப் படத்தை என் கணவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்.

"என்னக்கா, கடையே விரிச்சுட்ட போல! சொல்லவே இல்ல. நம்மளுது மாதிரியே அதுல ஒண்ணு இருக்கே. நாளைக்குக் கையெழுத்துத்தான?"

"குமாரு, நான் போடல."

"நாளைக்கு லீவா?"

"இல்லடா. போடப் போறதில்ல. அது வீட்டுக்கு வர வேணாம்."

 சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏக்கா, அங்க துப்பாக்கிக்குத் தொட்டில் செஞ்சு குடுப்ப, புள்ளையக் கூட்டிட்டுப் போயி வேடிக்க காட்டுவ. நான் நம்ம அப்பா துப்பாக்கிய வச்சுக்கக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?"

"நியாயமில்லதான். போட மாட்டேன்."

"அம்மாவே போட்டிருச்சு. ஒனக்கு என்ன?"

"எனக்குத்தான் ஆகல. அப்பா அத எடுத்துத் தொடைக்கறப்ப எண்ணெய்க் குப்பி எடுத்துக் குடுத்தது நான். நீ கொல்லையில இருப்ப. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. அந்த வீட்டுல அது திரும்பக் கேக்க வேணாம்."

"தொடைச்சா என்னக்கா? இரும்புன்னா தொடைக்கத்தான செய்வாக?"

அவன் கேட்டது பொய்யாக இல்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அம்மா எவ்வளவு பத்திரமாக அவனைக் கொல்லையில் வைத்திருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

"நீ பெரிய மனுசி. அமெரிக்காக்காரி. உன் இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அம்மா பெயரை நான் எடுக்கவில்லை.

*

இன்றைய நிலவரம்.

ரிவால்வர் ஸ்டேஷனில் இருக்கிறது. தம்பியின் மனு ஒரு வாரிசின் சம்மதம் இல்லாமல் நிற்கிறது. நோட்டரியிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்துவிட்டேன். தம்பி என்னோடு பேசுவதில்லை, குழுவிலும் என் படங்களுக்குப் பதில் போடுவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இருக்கும் என்று அம்மா சொல்கிறார். மார்லின் அடுத்த கண்காட்சிக்கும் அதே தாங்கிகளைக் கொண்டுபோகிறார், குழல்கள் சுவரைப் பார்த்தபடி. காரில் சீட் பெல்ட் உருளும்போதும் அடுப்புக் குமிழைத் திருகும்போதும் எனக்கு அந்த டிக் டிக் கேட்கிறது. அது நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நேற்று அம்மா பேசியபோது பின்னால் மெஷின் மூடி கழற்றியிருந்தது. வரப்போகும் மருமகளுக்கு ஜாக்கெட் தைக்கிறாராம். மெஷினுக்கு எண்ணெய் விட்டாயா என்று கேட்டேன். விட்டேன் என்றார்.